சத்தம் போடும் லேப்டாப் ஹார்ட் டிஸ்க்: எதை முதலில் பார்ப்பது, எங்கே நிறுத்துவது

லேப்டாப்பில் புதிதாக ஒரு சத்தம் கேட்டதும் பெரும்பாலானவர்கள் உடனே காரணத்தைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். ஏதோ ஒரு சோதனை மென்பொருளை இறக்கி, டிஸ்க் முழுவதையும் ஸ்கேன் செய்யக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். டிஸ்க் நன்றாக இருந்தால் இதனால் ஒன்றும் கெட்டுவிடாது. கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க் என்றால், அது ஓடக்கூடிய கடைசி சில மணி நேரமும் அந்த ஸ்கேனிலேயே தீர்ந்துவிடும். டிஸ்க் பழுது என்று மென்பொருள் சொல்லும். ஃபைல்கள் உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும்.

அதனால் இங்கே வரிசை வேறு. முதலில் காதால் கேட்டு, டிஸ்க்கை ஓட விடலாமா கூடாதா என்று முடிவு செய்கிறோம். அடுத்து ஃபைல்களை வெளியே எடுக்கிறோம். காரணம் தேடுவது அதற்கு அப்புறம்தான். முதல் நான்கு படிகளை மட்டும் எக்காரணம் கொண்டும் முன்பின்னாக மாற்றாதீர்கள்.

1. உள்ளே ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறதா என்று பாருங்கள்

இதைப் பார்க்காமலேயே ஹார்ட் டிஸ்க் சத்தம் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். புதிய லேப்டாப்புகள் பலவற்றில், தகவலைச் சிப்புகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி மட்டுமே இருக்கிறது. அதில் சுழலும் பாகமோ அசையும் பாகமோ எதுவும் கிடையாது. அதனால் டக் டக் என்ற சத்தம் அதிலிருந்து வர வழியில்லை.

விண்டோஸ் 11-இல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபாமன்ஸ் பக்கத்துக்குப் போனால், டிஸ்க் 0, டிஸ்க் 1 என்ற பெயர்களுக்குக் கீழேயே எச்டிடி (அதாவது ஹார்ட் டிஸ்க்) அல்லது எஸ்எஸ்டி என்று போட்டிருக்கும். விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளிலும் இப்படித்தான். சில லேப்டாப்புகளில் இரண்டும் இருக்கும்: விண்டோஸ் எஸ்எஸ்டியில், மற்ற ஃபைல்கள் ஹார்ட் டிஸ்க்கில். அப்படியானால் எந்த டிரைவ் எழுத்து எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

எஸ்எஸ்டி மட்டும் இருந்தால் நேராக 5-ஆவது படிக்குப் போய்விடலாம்.

2. தேவையானவற்றை முன்கூட்டியே சேர்த்து வையுங்கள்

பாதியில் எழுந்துபோய்த் தேடும் நேரமெல்லாம் டிஸ்க் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். நோயுற்ற டிஸ்க்குக்கு அந்த நேரமும் கணக்கில் சேரும்.

- வெளியில் இணைக்கும் ஒரு டிஸ்க். ஃபைல்களை மட்டும் எடுக்க என்றால் அவற்றின் மொத்த அளவுக்கு இடம் இருந்தால் போதும். முழு டிஸ்க்கையும் நகலெடுக்க வேண்டி வந்தால், பழைய டிஸ்க்கின் மொத்தக் கொள்ளளவும் அதற்கு மேலும் வேண்டும்.
- வேறொரு கணினியில் தயாரித்த லினக்ஸ் லைவ் பென் டிரைவ், அதாவது டிஸ்க்கில் எதையும் நிறுவாமலேயே லினக்ஸைத் தொடங்க உதவும் பென் டிரைவ். சந்தேகத்துக்குரிய லேப்டாப்பிலேயே இதைத் தயாரிக்காதீர்கள். பல ஜிபி அளவுள்ள ஃபைலை அந்த டிஸ்க்கில் எழுதிப் படிக்க வைப்பது வீண் சுமை.
- சிறிய ஸ்டார் ஸ்க்ரூடிரைவர். கழற்றிய திருகுகளைப் போட்டு வைக்க ஒரு தட்டு.
- சாட்டா (லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கின் இணைப்பு வகை) டிஸ்க்கை யுஎஸ்பியில் மாட்ட உதவும் கேபிள் அல்லது கேஸ்.
- பிட்லாக்கர் ரெக்கவரி கீ.

கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் என்க்ரிப்ஷன், நாம் எதையும் அழுத்தாமலேயே இயங்கிக்கொண்டிருக்கலாம். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டியதும் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். அது இல்லையென்றால், டிஸ்க் நல்ல உடல்நிலையில் இருந்தாலும் ஃபைல்கள் கிடைக்காது. பல நேரங்களில் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். லேப்டாப் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

3. காதால் கேட்டு முடிவு செய்யுங்கள்: ஓட விடலாமா, உடனே நிறுத்தணுமா?

கெட்ட சத்தத்தை அடையாளம் காண நல்ல சத்தம் தெரிந்திருக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள 2.5 அங்குல லேப்டாப் டிஸ்க்குக்கு மின்சாரம் கிடைத்ததும் மெல்லிய ‘விர்ர்’ தொடங்கி, சில விநாடிகளில் சுருதி ஏறி ஒரே சீராக நிற்கும். அப்புறம் ‘டிக்’ என்று ஒன்றோ இரண்டோ. தகவலைப் படித்து எழுதும் முனைகளான ஹெட்டுகள் தங்கள் ஓய்வு மேடையிலிருந்து இறங்கி, தகவல் பதிவாகியிருக்கும் சுழலும் தட்டுகளுக்கு மேலே வரும் சத்தம் அது. பிறகு விண்டோஸ் ஏறும்போது ஒழுங்கில்லாத ‘கொறகொற’. லேப்டாப்பை அணைக்கும்போது கடைசியாக ஒரு ‘டக்’, அதன்பின் சுருதி இறங்கி அடங்கும். இவ்வளவும் இயல்பு.

இதற்கு மாறாகக் கேட்பவை கீழே. வரிசை, ஆபத்து அதிகமானதிலிருந்து.

*கறகறவென்று உரசும் சத்தம்.* உலோகத்தை உலோகம் தேய்ப்பதுபோல் தொடர்ந்து வந்தால் ஹெட் தட்டைத் தொட்டுவிட்டது என்று பொருள். இயல்பாக ஹெட்டுக்கும் தட்டுக்கும் இடையே சில நானோமீட்டர் இடைவெளிதான். தொட்டுவிட்டால் தட்டின் காந்தப் பூச்சு உரிந்துவிடும்; உரிந்த இடத்தில் இருந்த தகவல் உலகில் எவராலும் மீட்க முடியாதது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து உடனே அணையுங்கள். முறைப்படி ஷட்டவுன் செய்யக் காத்திருக்க வேண்டாம். ஷட்டவுனிலும் டிஸ்க்கில் எழுதும் வேலை நடக்கும்.

*சீரான தாளத்தில் டக்... டக்... டக்.* விநாடிக்கு ஒன்று, அல்லது அதற்கு நெருக்கமாக, ஒரே இடைவெளியில் வரும், சில தடவை அடித்துவிட்டுச் சுழற்சியே நின்றுபோகும், மறுபடி தொடங்கும். தன் இடத்தைக் கண்டுபிடிக்கத் தட்டில் எழுதப்பட்டுள்ள குறிகளை ஹெட்டால் படிக்க முடியவில்லை. தோற்றுத் திரும்பி மீண்டும் முயல்கிறது. இதற்கும் உடனே அணைக்க வேண்டியதுதான்.

*பீப் பீப் என்ற மெல்லிய ஒலி, சுழலும் சத்தமே இல்லை.* ஹார்ட் டிஸ்க்கில் ஸ்பீக்கர் கிடையாது. சுழல முயன்று முடியாமல் போகும் மோட்டார்தான் இப்படி முனகுகிறது. ஹெட் தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம், மோட்டார் இறுகியிருக்கலாம். யுஎஸ்பி கேஸில் மாட்டிய டிஸ்க் என்றால் மின்சாரம் போதாமலும் இருக்கலாம். அதைப் பற்றி 8-ஆவது படியில்.

*எப்போதாவது ஒரு டிக், சீரில்லாமல்.* ஆபத்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஓட விடலாம். ஆனால் அடுத்த படியைத் தள்ளிப்போடக் கூடாது.

*உறுமல், அதிர்வு, தொடர்ந்த கொறகொற.* பெரும்பாலும் உடனடி ஆபத்து இல்லை.

முதல் மூன்றில் ஒன்று கேட்டு, உள்ளே நகல் இல்லாத முக்கியமான ஃபைல்கள் இருந்தால், இந்த வழிகாட்டி உங்களுக்கு இத்துடன் முடிகிறது. டேட்டா மீட்புக் கூடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். ஒவ்வொரு தடவையும் மீட்கக்கூடிய பகுதி குறையும் என்பதால் அந்த ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். டிஸ்க்கின் மூடியைத் திறப்பது, ஃப்ரீசரில் வைப்பது, ஓங்கித் தட்டுவது ஆகிய மூன்று யோசனைகளும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. திறந்தால் தூசி விழும். நானோமீட்டர் இடைவெளியில் ஒரு தூசித்துகள் பாறைக்குச் சமம். ஃப்ரீசரில் வைத்தால் வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும். தட்டினால் ஒட்டியிருக்கும் ஹெட் பிய்ந்துபோகலாம். அதே மாடல் டிஸ்க் ஒன்றின் சர்க்யூட் பலகையைக் கழற்றி மாட்டுவதும் பலிக்காது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனியாக அளந்து எழுதிய விவரங்கள் அதன் சொந்தப் பலகையிலுள்ள சிப்பில் இருக்கின்றன.

4. சோதனைக்கு முன்பே ஃபைல்களை எடுங்கள்

லேப்டாப்பைக் கெட்டியான, சமமான மேசைமேல் வைத்து, சார்ஜரை மாட்டுங்கள். வேலை முடியும்வரை அதை நகர்த்தக் கூடாது. மெத்தையோ மடியோ வேண்டாம். சூடும் ஏறும், ஆட்டமும் இருக்கும்.

விண்டோஸ் அந்த டிஸ்க்கிலேயே இருந்தால், அதிலிருந்து பூட் செய்யாமல் லைவ் பென் டிரைவிலிருந்து பூட் செய்வது நல்லது. விண்டோஸ் ஓடும்போது அப்டேட், ஆன்டிவைரஸ், தேடல் அட்டவணை என்று பின்னணியில் டிஸ்க்கை ஓயாமல் படிக்கும், எழுதும். லைவ் லினக்ஸ் பென் டிரைவையும் மெமரியையும் வைத்தே ஓடுவதால், நீங்கள் கேட்கும் ஃபைலை மட்டும்தான் டிஸ்க் படிக்க வேண்டியிருக்கும்.

இங்கே புதியவர்கள் மிரளும் ஓர் இடம் உண்டு. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், ஷட்டவுன் செய்த பிறகும் டிஸ்க் பாதித் தூக்க நிலையில்தான் இருக்கும். லினக்ஸ் அதைத் திறக்க மறுக்கலாம், அல்லது படிக்க மட்டும் திறக்கலாம். படிக்க மட்டும் என்பதே நமக்குப் போதும். எழுதும் உரிமை வேண்டும் என்று அதைச் ‘சரிசெய்ய’ முயலாதீர்கள்.

எடுக்கும் வரிசை:

முதலில், சிறியதும் ஈடு செய்ய முடியாததும். சொந்த ஆவணங்கள், புகைப்படங்கள், கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டர், எழுதிக்கொண்டிருக்கும் வேலை. டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரோடு நின்றுவிடாதீர்கள். முக்கியமானவை பலருக்கு டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும்தான் கிடக்கின்றன. சினிமா, விளையாட்டு, நிறுவல் ஃபைல்கள் எல்லாம் கடைசி.

யூசர் ஃபோல்டரை மொத்தமாக இழுத்துப் போடாதீர்கள். படிக்க முடியாத ஒரே ஒரு ஃபைல் வந்தால் மொத்தக் காப்பியும் அங்கேயே நின்று, டிஸ்க் அதே இடத்தைத் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டிருக்கும். ஃபோல்டர் ஃபோல்டராக எடுங்கள். ஒன்றில் சிக்கி டக் டக் கேட்டால் அதை ரத்து செய்து, பெயரைக் குறித்துக்கொண்டு, அடுத்ததற்குப் போங்கள்.

கட் செய்து ஒட்டாதீர்கள், காப்பி மட்டும். கட் செய்தால் பழைய டிஸ்க்கில் அழிக்கும் வேலையும் சேரும். நடுவில் ஏதாவது தடைபட்டால் எது எங்கே இருக்கிறது என்ற குழப்பமும் வரும்.

எடுத்து முடித்ததும், வெளி டிஸ்க்கை வேறொரு கணினியில் மாட்டிச் சில ஃபைல்களைத் திறந்து பாருங்கள். பெயரும் அளவும் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டுத் திருப்தி அடையக் கூடாது. படங்கள் பாதியில் சாம்பல் நிறமாக நிற்பது இந்தக் கட்டத்தில்தான் தெரியவரும்.

5. சத்தம் டிஸ்க்கிலிருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்யுங்கள்

லேப்டாப்பின் உடம்பு முழுவதும் ஒலியைக் கடத்துவதால், எந்த மூலையிலிருந்து வருகிறது என்று வெறும் காதால் சொல்வது கடினம். காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதிலும் மறு முனையை லேப்டாப்பின் அடிப்பக்கத்திலும் வைத்து மெல்ல நகர்த்துங்கள். டிஸ்க் பெரும்பாலும் கை மணிக்கட்டு வைக்கும் பகுதிக்குக் கீழே, இடது அல்லது வலது ஓரத்தில் இருக்கும். ஃபேனோ, காற்று வெளியேறும் துவாரத்துக்கு அருகில் இருக்கும்.

மொபைலில் ஒலி அலைவரிசையை வரைபடமாகக் காட்டும் செயலி இருந்தால் இன்னும் தெளிவு. மொபைலை மணிக்கட்டுப் பகுதிமேல் வையுங்கள். நிமிடத்துக்கு 5400 சுற்று சுழலும் டிஸ்க்கின் ரீங்காரம் 90 ஹெர்ட்ஸில் விழும். 7200 சுற்று என்றால் 120 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் அசையாத ஒரு முள் நின்றால் அது டிஸ்க்கின் சுழற்சி. வேலைப் பளுவுக்கு ஏற்ப ஏறி இறங்கும் முள் என்றால் ஃபேன்.

டிஸ்க் என்று தவறாக நினைக்க வைப்பவை இவை.

ஃபேன்: பிராசசருக்கு வேலை கூடினால் சத்தமும் கூடும். தூசி சேர்ந்தோ பேரிங் தேய்ந்தோ போன ஃபேன் ‘டர்ர்’ என்று உரசும். லேப்டாப்பைச் சாய்த்தால் சத்தம் மாறும் என்பார்கள். டிஸ்க் ஓடும்போது சாய்த்துப் பார்க்கும் அந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம்.

ஸ்பீக்கர்: பாட்டு நின்ற சில விநாடிகளில் ஆடியோ சிப் தூங்கப் போகும்போது ‘டப்’ என்று ஒரு வெடிப்பு வரும். டிஸ்க் டிக் அடிக்கிறது என்று பயந்து வருபவர்களில் சிலருக்கு இதுதான் காரணம். இயர்ஃபோனை மாட்டுங்கள். சத்தம் இயர்ஃபோனுக்கு இடம் மாறினால் விஷயம் தீர்ந்தது.

காயில்கள் (பலகையிலுள்ள மின்சுருள்கள்): சார்ஜரைப் பிடுங்கினாலோ திரையில் பக்கத்தை உருட்டினாலோ மாறும் கீச்சென்ற மெல்லிய ஒலி. எரிச்சலாக இருக்கும், டிஸ்க்குக்குச் சம்பந்தமில்லை.

டிவிடி டிரைவ்: உள்ளே ஒரு வட்டு மறந்துபோய்க் கிடந்தால் பூட் ஆகும்போது பெரிதாகச் சுழலும். எடுத்துவிட்டுப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரே வழி, டிஸ்க்கைக் கழற்றிவிட்டு லைவ் பென் டிரைவில் பூட் செய்வது. சத்தம் அப்படியே இருந்தால் டிஸ்க் குற்றவாளி இல்லை. கழற்றும் முறை 8-ஆவது படியில்.

6. ஸ்மார்ட் விவரத்தைச் சரியாகப் படியுங்கள்

ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்திருக்கும். அதற்குப் பெயர் ஸ்மார்ட். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் டிஸ்க்ஸ் செயலி அல்லது ஸ்மார்ட்மான்டூல்ஸ் மூலம் பார்க்கலாம். குறிப்பைப் படிப்பது டிஸ்க்குக்குச் சுமையே இல்லை, அதனால் தயங்க வேண்டாம்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் முதலில் ஒரு மாற்றம். அது கச்சா எண்களைப் பதினாறடி முறையில் காட்டும். அதில் 10 என்று இருந்தால் நம் கணக்கில் 16. ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர், அதற்குள் ரா வேல்யூஸ், அதில் பத்தடி முறையைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாமல் எண்ணைப் படித்துக் குழம்புபவர்கள் ஏராளம்.

அப்புறம் இவற்றின் கச்சா எண்ணைப் பாருங்கள்:

05, இடம் மாற்றப்பட்ட செக்டர்கள் (செக்டர் என்பது டிஸ்க்கின் சிறு சேமிப்புப் பகுதி). கெட்டுப்போன இடங்களுக்குப் பதில் டிஸ்க் தன் கையிருப்பிலிருந்து கொடுத்தவை. பூஜ்யம்தான் நல்லது. ஒரு சில இருந்து, மாதக்கணக்கில் அப்படியே நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு வாரம் ஏறினால் மாற்ற வேண்டியதுதான்.

சி5 (197), காத்திருக்கும் செக்டர்கள். படிக்க முடியாமல் போய், என்ன செய்வது என்று இன்னும் முடிவாகாத இடங்கள். சத்தத்தோடு சேர்ந்து இந்த எண்ணும் பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால், டிக் டிக் எங்கிருந்து வருகிறது என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. அந்த இடத்தைப் படிக்க ஹெட் மறுபடி மறுபடி முயலும் ஒலி அது.

சி6 (198), சரிசெய்யவே முடியாதவை. 05, சி5 உடன் சேர்த்துப் படியுங்கள்.

0ஏ (10), சுழலத் தொடங்க மறுபடி முயன்ற தடவைகள். பூஜ்யத்தைத் தாண்டினால் மோட்டாரோ மின் இணைப்போ தடுமாறுகிறது.

சி7 (199), கேபிள் வழியில் நேர்ந்த பிழைகள். இந்த எண் ஏறியது என்றால் டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன் இணைப்பைப் பாருங்கள். ஒருமுறை ஏறினால் இறங்காது. கேபிளைச் சரியாகப் பொருத்திய பிறகு மேலும் ஏறுகிறதா என்பதே கேள்வி.

சி1 (193), ஹெட் ஓய்வுக்குப் போய்த் திரும்பிய தடவைகள். இதை 09-இல் உள்ள மொத்த ஓட்ட மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். 4000 மணி நேரத்தில் 4,80,000 என்றால் மணிக்கு 120. அதாவது 30 விநாடிக்கு ஒரு தடவை. பல லேப்டாப் டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர் குறிக்கும் வரம்பு 3 லட்சமோ 6 லட்சமோதான். சும்மா இருக்கும்போது கேட்கும் ஒற்றை டிக்குக்கு மிகச் சாதாரணமான காரணமும் இதுவே.

சீகேட் டிஸ்க்குகளில் 01, 07 இரண்டிலும் கோடிக்கணக்கில் எண் நிற்கும். அவை ஒன்றுக்கு மேற்பட்ட எண்ணிக்கைகளை ஒன்றாக அடைத்து வைத்தவை, பயப்பட வேண்டியதில்லை.

மேலே நீலத்தில் ‘குட்’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். கூகுள் பொறியாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் எண்ணிக்கைகளில் எதிலும் எச்சரிக்கை காட்டாமலேயே போயிருந்தன. ஸ்மார்ட் கெட்டது என்று சொன்னால் நம்பலாம். நல்லது என்று சொன்னால், காது சொல்வதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஃபைல்கள் பத்திரமாக வெளியே வந்துவிட்டன என்பது உறுதியானால், இப்போது டிஸ்க்கின் சுயசோதனையை ஓட்டலாம். குறுகிய சோதனை ஓரிரு நிமிடம். நீண்ட சோதனை தட்டு முழுவதையும் படிப்பதால் பல மணி நேரம் ஆகும். இரவில் விட்டுவிடலாம், ஆனால் லேப்டாப் தூங்கப் போகாதபடி பவர் அமைப்பை மாற்றிவிட்டு.

விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்பான செக்டிஸ்க் கட்டளையை ஆர் விருப்பத்துடன் ஓட்டுவது வேறு கதை. அது ஃபைல் அமைப்பில் கை வைத்து மாற்றி எழுதும். சி5 பூஜ்யமாக இல்லாத டிஸ்க்கில் அதை ஓட்டாதீர்கள். சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக்மென்டும் அப்படித்தான்.

7. டிஸ்க் நன்றாக இருந்தும் சத்தம் போட்டால்

*ஓயாத கொறகொற.* ஹெட் இங்கும் அங்கும் ஓடும் சத்தம். யாரோ வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டரின் டிஸ்க் பக்கத்தில் எந்த நிரல் எந்த ஃபைலைத் தொடுகிறது என்று வரிவரியாகத் தெரியும். அப்டேட்டோ ஆன்டிவைரஸோ என்றால் சில மணி நேரம் ஓட விட்டால் தானே அடங்கும். பேஜ்ஃபைல் என்ற பெயர் மேலேயே நின்றால் மெமரி போதவில்லை. மெமரியைக் கூட்டினால் டிஸ்க் தானாக அமைதியாகும்.

யாருமே தொடவில்லை, இருந்தும் கொறகொற என்றால் அது எஸ்எம்ஆர் வகை டிஸ்க்காக இருக்கலாம். 1 டிபியும் அதற்கு மேலும் உள்ள 2.5 அங்குல டிஸ்க்குகள் பல இந்த வகை. தடங்களை ஓட்டு வீட்டுக் கூரைபோல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி எழுதுவதால், ஓய்வு நேரத்தில் உள்ளே ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கும். பெரிதாக எதையாவது காப்பி செய்தபின் சிறிது நேரம் மின்சாரத்தில் விட்டு வையுங்கள்.

*சீரில்லாத ஒற்றை டிக்.* சி1 வேகமாக ஏறுகிறது என்றால் டிஸ்க்கின் மின்சேமிப்பு அமைப்பான ஏபிஎம்தான் காரணம். மதிப்பு 1 முதல் 254 வரை. 128-க்குக் கீழே சுழற்சியையே நிறுத்தவும் அனுமதி உண்டு, 254 என்றால் சேமிப்பு மிகக் குறைவு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவின் அட்வான்ஸ்டு ஃபீச்சரிலேயே இதை மாற்றலாம், லினக்ஸில் எச்டிபார்ம் கட்டளை. பல டிஸ்க்குகள் அணைத்து எழுந்ததும் பழைய மதிப்புக்கே திரும்பிவிடும். மாற்றியும் பலிக்கவில்லை என்று சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஒவ்வொரு தடவை தொடங்கும்போதும் அந்த மதிப்பு தானாகப் போகும்படி அமைக்க வேண்டும்.

மேசையிலேயே இருக்கும் லேப்டாப்புக்கு இதைத் தயங்காமல் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே கையில் தூக்கிக்கொண்டு நடப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓய்வில் இருக்கும் ஹெட் அதிர்ச்சியிலிருந்து தப்பிக்கும். தட்டுக்கு மேல் நிற்கும் ஹெட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சூடும் கொஞ்சம் கூடும், பேட்டரியும் கொஞ்சம் குறையும்.

லேப்டாப்பை அசைத்தால் மட்டும் டக் என்றால், விழும் அசைவை உணர்ந்து ஹெட்டை ஒதுக்கும் பாதுகாப்பு வேலை செய்கிறது. அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

*உறுமலும் அதிர்வும்.* மணிக்கட்டுப் பகுதியை விரலால் லேசாக அழுத்தினால் சத்தம் குறைகிறதா? அப்படியென்றால் டிஸ்க் தன் சட்டத்தில் தளர்வாக உட்கார்ந்திருக்கிறது. முன்பு யாராவது திறந்து பழுது பார்த்த லேப்டாப்புகளில் நான்கு திருகில் இரண்டு காணாமல் போயிருப்பது சகஜம்.

8. கழற்றிப் பார்த்துச் சரியாகப் பொருத்துங்கள்

ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள். அப்போதுதான் விண்டோஸ் பாதித் தூக்கம் இல்லாமல் முழுதாக அணையும். சார்ஜரைப் பிடுங்கி, கழற்றக்கூடிய பேட்டரி என்றால் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியுங்கள். உள்ளே இருக்கும் பேட்டரி என்றால், மூடியைத் திறந்ததும் அதன் இணைப்பைத்தான் முதலில் எடுக்க வேண்டும். சுழற்சி முழுக்க நிற்க அரை நிமிடம் விடுங்கள்.

டிஸ்க்கை நேராக வெளியே இழுங்கள். மேலே நெம்பினால் இணைப்பின் பிளாஸ்டிக் நாக்கு உடையும். சில லேப்டாப்புகளில் நாடாபோன்ற மெல்லிய கேபிள் ஒன்று பலகையோடு இணைத்திருக்கும். அதை மடிப்பு விழாமல் கையாளுங்கள். சி7 ஏறியிருந்தால் அந்தக் கேபிளை மாற்றிப் பார்ப்பது முதல் வேலை.

திரும்ப மாட்டும்போது ரப்பர் பட்டைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றனவா, திருகுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். திருகை இறுகும்வரை சுற்றினால் போதும். பலம் கொடுத்து முறுக்கினால் டிஸ்க்கின் உடல் வளைந்து இன்னொரு சத்தம் தொடங்கலாம். டிஸ்க் 7 மில்லிமீட்டர் தடிமன், இடமோ 9.5 மில்லிமீட்டருக்கு என்றால் மேலும் கீழும் ஆடும். அதற்கென உள்ள பிளாஸ்டிக் சட்டத்தை வைத்து இடைவெளியை நிரப்புங்கள்.

வெளியே எடுத்த டிஸ்க்கை யுஎஸ்பியில் மாட்டும்போது புதிய பயம் ஒன்று வரும். லேப்டாப்புக்குள் ஓடிய டிஸ்க், வெளியே டிக் டிக் என்று அடித்து நின்றுவிடும். செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். 2.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் சில விநாடிகளுக்கு 5 வோல்ட்டில் சுமார் 1 ஆம்பியர் இழுக்கும். யுஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது 0.5 ஆம்பியர், 3.0 போர்ட் 0.9. ஹப் வழியாக இல்லாமல் கணினியின் 3.0 போர்ட்டில் நேரடியாக, குட்டையான கேபிளில் மாட்டிப் பாருங்கள். இரட்டைத் தலைக் கேபிள் அல்லது தனி அடாப்டர் உள்ள கேஸ் இருந்தால் இன்னும் உறுதி.

9. நோயுற்ற டிஸ்க்கை முழுதாக நகலெடுப்பது

தேவையான ஃபைல்கள் கையில் வந்துவிட்டால் இந்தப் படியே வேண்டாம். விண்டோஸைப் புதிதாக நிறுவுவதுதான் சுத்தம். 4-ஆவது படியில் சிக்கி நின்ற ஃபைல்கள் முக்கியமானவை என்றால் மட்டும் தொடருங்கள்.

சாதாரணக் குளோனிங் மென்பொருள் பல, முதல் கெட்ட செக்டரிலேயே நின்றுவிடும் அல்லது அங்கேயே முட்டிக்கொண்டிருக்கும். இதற்கென எழுதப்பட்டது லினக்ஸில் உள்ள ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ. எளிதாகப் படிக்கக் கிடைப்பதை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட பகுதிகளைத் தாண்டிப்போய், கடைசியில்தான் அவற்றுக்குத் திரும்பும். அதனால் முதல் ஓட்டத்தில் கெட்ட இடங்களைச் சுரண்ட வேண்டாம் என்று சொல்லி ஓட்டுங்கள். இரண்டாவது ஓட்டத்தில் அவற்றை மட்டும், மூன்று மறுமுயற்சியோடு.

இங்கே இரண்டு தவறுகள் விலை அதிகமானவை. மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் கொடுத்தால் வெற்று டிஸ்க் உங்கள் ஃபைல்களின்மேல் எழுதப்படும். டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பாதீர்கள், மறுபடி பூட் செய்தால் அவை மாறக்கூடும். டிஸ்க்கின் லேபிளில் உள்ள சீரியல் எண்ணைத் திரையில் காட்டும் எண்ணோடு ஒப்பிட்ட பிறகே என்டரைத் தட்டுங்கள். இன்னொன்று, எதுவரை படித்தது என்று டிடிரெஸ்க்யூ எழுதி வைக்கும் மேப் ஃபைல். லைவ் லினக்ஸின் ஹோம் ஃபோல்டரில் அதை வைத்தால், அணைத்ததும் மெமரியோடு போய்விடும். இத்தனை மணி நேர வேலையைத் தொடர முடியாது. மேப் ஃபைல் எப்போதும் மூன்றாவது ஒரு டிஸ்க்கிலோ தனிப் பென் டிரைவிலோ இருக்கட்டும்.

டிஸ்க் 50 டிகிரியைத் தாண்டினால் நிறுத்தி ஆறவிட்டு, அதே மேப் ஃபைலோடு தொடருங்கள். நடுவில் 3-ஆவது படியில் சொன்ன உரசல் கேட்டால் அத்துடன் விட்டுவிடுங்கள். ஃபைல் மீட்பு, பழுது நீக்கம் எல்லாம் நகலின்மேல்தான். பழைய டிஸ்க்கை மறுபடி தொடக் கூடாது.

10. மாற்று டிஸ்க்கும் பழைய டிஸ்க்கும்

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். அதே இணைப்பு, அதே திருகு. சத்தப் பிரச்சினை அந்த இடத்தில் இனி வராது. எம்.2 வடிவம் வாங்குவதற்கு முன் உங்கள் பலகையில் அந்தத் துளை இருக்கிறதா, அது சாட்டா வகையா என்விஎம்இ வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்று மற்றதன் இடத்தில் ஓடாமல் போகலாம்.

பழைய டிஸ்க்கை உடனே துடைக்காதீர்கள். அதன்மேல் தேதியையும் ‘பழுது’ என்ற சொல்லையும் எழுதி ஒட்டித் தனியே வையுங்கள். எழுதாமல் வைத்த டிஸ்க்கை வேறு யாராவது பேக்கப்புக்கு எடுத்துப் பயன்படுத்திவிடுவார்கள். ஒரு மாதம் புதிய டிஸ்க்கில் வேலை செய்து, விட்டுப்போன ஃபைல் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு முழுதாக அழித்துவிட்டு மின்னணுக் கழிவில் சேருங்கள். அழிக்கும் மென்பொருளைக்கூட ஓட்ட முடியாத நிலையில் இருந்தால், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தட்டுகளை உடைத்துவிட்டுச் சேருங்கள். சில லேப்டாப் டிஸ்க்குகளின் தட்டு கண்ணாடியால் ஆனது, சில்லுகளாகத் தெறிக்கும்.